லட்சுமி நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்: மாமியார் கூட மூணு மாசம் உக்காந்து பார்த்த ரிவ்யூ

டெல்லி லட்சுமி நகர் மெட்ரோல இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோச்சிங் போர்டுதான், பாதி சி.ஏ.வுக்கு, மிச்சம் பேங்க் எக்ஸாமுக்கு, நடுநடுல இந்தில எழுதின ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுங்க. அதுல ஒண்ணுலதான் என் மாமியார சேர்த்து விட்டோம். அவங்களுக்கு 56 வயசு, சொந்த ஊர் உ.பி.ல லக்கிம்பூர் பக்கம், இந்தி மீடியத்துலயே பி.ஏ. முடிச்சவங்க, இந்தி கவிதைய மனப்பாடமா சொல்ல ஆரம்பிச்சா கேட்டுட்டே இருக்கலாம். ஆனா பேரனோட ஸ்கூல் மீட்டிங்ல டீச்சர் இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டுட்டா போதும், வாய மூடிட்டு என் மூஞ்சியையே பார்ப்பாங்க. எனக்கு மனசு கஷ்டமாயிடும். ஒரு நாள் அவங்களாவே "பேட்டா, நானும் கத்துக்கணும்"னு சொன்னாங்க, மறுநாளே போய் விசாரிச்சிட்டோம். தனியா போக கூச்சமா இருக்குன்னதால கிளாஸ் எடுக்குற மேம்கிட்ட கேட்டு நானும் பக்கத்துலயே உக்காந்துகிட்டேன்.

சென்டர் பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், ரெண்டு ரூம வச்சு நடத்துற சின்ன இடம் அது. மூணு மாசத்துக்கு 4,500 ரூபா, வாரத்துக்கு 5 நாள், வீட்டுல இருக்குற லேடீஸுக்காகவே காலைல 11 மணி பேட்ச், மொத்தம் 18 பேர்.

முதல் நாளே எனக்கு மேம பிடிச்சுப் போச்சு. நவுன், ப்ரோநவுன்னு ஆரம்பிக்கல. போர்டுல இந்தில "உஸ்கி பத்னி"னு எழுதி, ராஜு பத்தி பேசுறோம், அவனோட மனைவின்னு அர்த்தம், இத இங்கிலீஷ்ல சொல்லுங்கன்னாங்க. முக்கால்வாசிப் பேர் 'ஹிஸ் வைஃப்'னு சொல்லாம 'ஹர் வைஃப்'னாங்க. ஏன் அப்படி வருதுன்னா இந்தில நம்ம 'ஓட'ங்கற இடத்துல வர்ற அந்த கா, கீ எல்லாம் யாரோடதுங்கறத வச்சு மாறாது, எது அவங்களோடதோ அத வச்சு மாறும், பத்னி பெண்பாலா இருக்கறதால கீ வந்துடுது, அந்தப் பழக்கத்துல வாய் தானா 'ஹர்'னு போயிடுது. போதாததுக்கு அவன், அவ ரெண்டுக்குமே 'வோ'தான். மேம் ஒரே வரில முடிச்சாங்க, "மாலிக்க (சொந்தக்காரர) பாருங்க, சாமான பாக்காதீங்க." அன்னைக்கு சாயந்திரம் முழுக்க மம்மிஜி, அதான் என் மாமியார், இதையே சொல்லிட்டு திரிஞ்சாங்க. நம்ம தமிழ்ல அவனோட, அவளோடன்னு தனித்தனியா இருக்கறதால நமக்கு இந்தச் சிக்கலே வர்றதில்ல, அதனாலதான் இவங்க ஏன் இத இவ்ளோ தடவ தப்பா சொல்றாங்கன்னு எனக்கு இத்தன வருஷமா புரியாமலே இருந்துச்சு.

சின்ஸ், ஃபார் குழப்பமும் இதே மாதிரிதான். "தோ சால் ஸே", "2020 ஸே" ரெண்டுத்துக்குமே இந்தில ஒரே 'ஸே'. அதனால 'ஃபார் டூ இயர்ஸ்'க்குப் பதிலா 'சின்ஸ் டூ இயர்ஸ்'னு சொல்றாங்க. நாம ரெண்டு வருஷமா, 2020லேர்ந்துன்னு பிரிச்சுத்தான் சொல்றோம், ஆனாலும் நம்ம ஆளுங்களும் இதே தப்ப பண்றாங்க, ஏன்னா நமக்கு யாரும் இத நம்ம மொழிலேர்ந்து எடுத்துக் காட்டினதே இல்ல. இந்த மாதிரி கிளாஸ் தமிழ்ல ஒண்ணு வரணும்னு எனக்கு உண்மையாவே ஆசை.

மம்மிஜிக்கு ரொம்ப இழுத்தது 'ஹாவ்'. இந்தில காருன்னா "மேரே பாஸ்", தம்பின்னா "மேரே", காய்ச்சல்னா "முஜே", மூணும் மூணு மாதிரி, இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே ஹாவ். 'ஐ ஆம் ஃபீவர்'னு பல வருஷமா டாக்டர்கிட்ட சொல்லிட்டு இருந்திருக்காங்க. ஒரு வாரம் ஃபுல்லா இது மட்டும்தான், மேம் கொஞ்சமும் அவசரப்படல. உச்சரிப்புலயும் அப்படித்தான், பீகார், கிழக்கு உ.பி. பக்கத்துக்காரங்களுக்கு ஸ்கூல்ங்கறது இஸ்கூலாதான் வரும், ஒரு பஞ்சாபி ஆன்ட்டிக்கு 'ஸகூல்'னு வந்துச்சு, யாரையும் சிரிக்க விடல. வி, டபிள்யூ மாறிப் போற வைன், வெஸ்ட் மாதிரி வார்த்தைங்களுக்கு கைல கண்ணாடிய குடுத்து, மேல் பல்லு கீழ் உதட்டுல படுதா, இல்ல உதடு குவியுதான்னு அவங்கவங்களையே பார்க்க வச்சாங்க.

இடியம்ஸ்தான் பாதி தங்கம், பாதி குப்பை. மேம் நடத்தினது தங்கம். "நாச் ந ஜானே, ஆங்கன் டேடா"ன்னு எழுதினதும் எனக்கு புல்லரிச்சிடுச்சு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எங்க பாட்டி சொல்றது அப்படியே, கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை. இங்கிலீஷ்ல அந்த இடத்துல ஒரு தொழிலாளி தன் கருவிங்க மேல பழி போடுறான். அடுத்து "அத்ஜல் ககரி சலகத் ஜாயே", அதுவும் நம்ம குறைகுடம் கூத்தாடும்தான், ஆனா இங்கிலீஷ்காரங்க காலிப் பாத்திரம்தான் சத்தம் போடும்னு சொல்றாங்க, இந்தியும் தமிழும் அரைகுடம்னு சொல்லுது. திரும்பி வர்றப்போ ஈ-ரிக்‌ஷால மம்மிஜி "கொறகொடம், கொறகொடம்"னு தமிழ்ல சொல்லிப் பார்த்தாங்க, கல்யாணம் ஆன 9 வருஷத்துல அவங்க வாயால நான் கேட்ட முதல் தமிழ் வார்த்தை அதுதான்.

குப்பைன்னு சொன்னது சென்டர்ல 300 ரூபாய்க்கு விக்கிற ஜெராக்ஸ் புக். எங்கேயோ எடுத்த லிஸ்ட், எங்க பேசலாம் எங்க பேசக் கூடாதுன்னு ஒரு வரி இல்ல. மேம் 10 நாள் லீவுல போனப்போ வந்த சார், செத்துப் போறதுக்கு 'கிக் த பக்கெட்'னு நடத்தி வாக்கியம் எழுதிட்டு வரச் சொன்னார். ஒரு அக்கா போன வருஷம் இறந்த மாமனார வச்சு எழுதிட்டு வந்தாங்க, அவரும் டிக் போட்டு குடுத்துட்டார். அது கிண்டலா சொல்ற பேச்சு, துக்க வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருந்தா என்ன ஆகும்? நான் தனியா கூப்பிட்டு அந்த அக்காகிட்ட சொன்னேன், மூஞ்சி சுண்டிப் போச்சு பாவம். தினம் தேவப்படுற 'ரன் அவுட் ஆஃப்', 'டிராப் ஆஃப்' மாதிரி விஷயத்துக்கு அந்த புக்ல அரைப் பக்கம்தான்.

உங்க பேர் என்னன்னு கேக்க சொல்ற 'குட் நேம்'ங்கறது இந்தி "சுப் நாம்"லேர்ந்து வந்தது, வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது அவ்ளோதான், வெட்கப்பட ஒண்ணும் இல்லன்னு மேம் சொன்னாங்க. ஒரு விஷயத்த முன்கூட்டியே வைக்கறதுக்கு சொல்ற 'பிரிபோன்' இப்போ ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரிலயே இருக்கு, தைரியமா பேசுங்கன்னாங்க. நானும் அந்தக் கட்சிதான்.

மூணாவது மாசம் சொதப்பல். எல்லா பேட்சுக்கும் ஒரே சிலபஸ்ங்கறதால இன்டர்வியூ பிராக்டிஸ்லயே ஓட்டிட்டாங்க, வேலைக்குப் போகாத லேடீஸுக்கு அது எதுக்கு? டாக்டர், பேங்க், ஸ்கூல், ஆன்லைன் டெலிவரிக்காரங்க ஃபோன், இதுதான அவங்களுக்கு வேணும். மேம் இல்லாத 10 நாளுக்கு ஈடா எக்ஸ்ட்ரா கிளாஸும் வைக்கல.

மம்மிஜி ஒரு நாள் சொன்னாங்க, அவங்க லக்கிம்பூர் மாவட்டத்துலயே பன்கான்னு ஒரு கிராமத்துல 2010ல தலித் மக்கள் இங்கிலீஷ் தேவிக்குன்னு ஒரு கோயில் கட்ட ஆரம்பிச்சாங்களாம், சிலையோட கைல பேனாவும் அரசியல் சட்டமும். அப்போ கேக்க விநோதமா இருந்துச்சு, இப்பதான் புரியுதுன்னாங்க.

போன வாரம் ஸ்கூல் மீட்டிங்ல, பையன் ஏன் டிஃபன் சாப்பிடறதில்லன்னு டீச்சர் கேட்டாங்க. நான் வாய திறக்கறதுக்குள்ள மம்மிஜி 'ஹீ ஹாஸ் ஸ்டமக் பெயின் சின்ஸ் மண்டே'ன்னாங்க. டீச்சர் நிமிர்ந்து அவங்க பக்கம் திரும்பி, அதுக்கப்புறம் எல்லாத்தையும் அவங்ககிட்டயே பேசினாங்க.

சேரணும்னு நினைக்கறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த டீச்சர்னு கேளுங்க, ரெண்டு நாள் டெமோல உக்காந்து பாருங்க, அந்த புக்க மட்டும் வாங்காதீங்க. அடுத்த லெவல் வர்ற மாசம் ஆரம்பிக்குது, அதே மேம்னா மட்டும் சேர்றதா சொல்லிட்டு வந்திருக்கோம்.