வருஷம் பார்த்துக் கழிப்பதா, பூட்டி வைப்பதா, திறந்தே வைப்பதா?

எங்கள் பள்ளி நூலகத்தில் இந்த ஆண்டு புத்தகம் கழிக்கும் வேலை என் பொறுப்புக்கு வந்தது. பழைய வினா-விடைக் கையேடுகள், கரையான் அரித்தவை, ஒரே நூலின் கூடுதல் பிரதிகள், இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. சிக்கல் ஒரே ஓர் அலமாரியில்தான். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1968 கீழ்வெண்மணி, 1975 நெருக்கடி நிலை, 1983க்குப் பிந்தைய ஈழம். பெரும்பாலும் நடந்த சூட்டோடு சூடாக எழுதி, சிறு பதிப்பகங்கள் அச்சிட்ட மெல்லிய புத்தகங்கள். பல நூல்கள் ஒரு தரப்பின் பக்கம் நன்றாகவே சாய்ந்தவை. இவற்றை என்ன செய்வது என்பதற்கு ஆசிரியர் அறையில் மூன்று வழிகள் பேசப்பட்டன.

முதல் வழி, வருஷக் கணக்கு. பதிப்பு ஆண்டு பழையதானால் எடுத்துவிடுவது. கணினி, பொது அறிவு நூல்களுக்கு இது சரி. வரலாற்றுக்கு ஒத்து வராது. கனடாவின் பீல் மாவட்டப் பள்ளிகளில் 2023இல், 2008 வரை வெளியான நூல்கள் மொத்தமாக எடுக்கப்பட்டு அலமாரிகள் காலியாகிவிட்டதாக மாணவர்களே புகார் சொன்னார்கள். மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்டு நிறுத்தச் சொன்னார். 1976இல் தணிக்கைக்கு நடுவே அச்சான ஒரு நூல் எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் வரலாறுதானே.

இரண்டாவது, பீரோவில் பூட்டி வைப்பது. கழித்த பழியும் இல்லை, பெற்றோர் புகாரும் வராது என்பதால் தலைமை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் பல அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர்தான் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் மாறுதலாகிப் போனால் சாவி யாரிடம்? கண்ணில் படாத புத்தகத்தை எந்தப் பிள்ளை கேட்கும்? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு எழுதிய முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். பூட்டிய பீரோவில் நூல் மெதுவாகக் கழிகிறது, அவ்வளவே.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி. நூல் திறந்த அலமாரியிலேயே இருக்கும். அட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவோம். உதாரணமாக, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் கொண்டாடும் நூலில்: “இது 1987இல் அச்சானது. 1990இல் இந்திய அமைதிப் படை திரும்பியது. 2009 மே மாதம் போர் முடிந்தது.” விமர்சனம் எதுவும் எழுதுவதில்லை, தேதிகள் மட்டும்தான். அப்புறம், அதே நிகழ்வைப் பற்றிப் பின்னாளில் வந்த நூல் ஒன்றைப் பக்கத்திலேயே வைக்கிறோம். அதற்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. எல்லா நூலுக்கும் இன்னும் ஜோடி கிடைத்தபாடில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: போனால் திரும்பக் கிடைக்குமா? டெக்சஸ் மாநில நூலகத்தின் கழித்தல் கையேடு சொல்லும் ஆறு காரணங்களில் கடைசி, அந்த நூல் வேறெங்காவது எளிதில் கிடைக்குமா என்பது. இந்த அலமாரிக்கு அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை அரசே அச்சிட்டது. அதுவே 1980க்குப் பிறகு காணக் கிடைக்காத நிலைக்குப் போனது. தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு இரா. செழியன் 2010இல் மறுபதிப்பு கொண்டுவந்தார். அரசு ஆவணத்துக்கே இந்தக் கதி என்றால், முந்நூறோ ஐந்நூறோ பிரதி போட்ட கீழ்வெண்மணி வெளியீட்டை யார் மறுபடி அச்சடிப்பார்கள்?

அதனால் ஒவ்வொரு தலைப்பையும் தமிழ் மின்னூலகத்திலும், ஈழ வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளத்திலும், மாவட்ட மைய நூலகத்திலும் தேடிப் பார்த்தோம். எங்கும் இல்லாததைக் கிழிந்திருந்தாலும் விடவில்லை, பைண்டிங்குக்குக் கொடுத்தோம். இணையத்தில் இருப்பவற்றையும் நான் சுலபமாக விட மாட்டேன். ஸ்கேன் பிரதி ஆய்வாளருக்குப் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அலமாரியில் கண்டால்தான் எடுத்துப் புரட்டும்.

இரண்டு இடங்களில் எனக்கு உறுதியில்லை. சடலப் படங்கள் நிறைந்த நூல்களை ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கலாமா? இப்போதைக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறோம். பெரிய வகுப்புகள் மட்டும் எடுக்கலாம். இன்னொன்று, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. எங்களிடம் அப்படி யாரும் இல்லை. தன் குடும்பம் பட்ட பாட்டைச் சக மாணவர்கள் புத்தகத்தில் வாசிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதை அங்கே பாடம் நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கழித்த சிலவற்றுக்கும் பதிவேட்டில் காரணத்தை ஒரு வரி எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். “பழையது” என்ற காரணத்தை மட்டும் எங்கும் எழுதவில்லை.