பருப்புக்கீரையா, சிற்றம்மான் பச்சரிசியா?

பெங்களூரில் நாலு மழை பெய்தால் போதும், மொட்டை மாடித் தொட்டிகளில் இரண்டும் தானாக முளைத்துப் படரும். இரண்டுக்கும் தண்டு சிவப்பாக இருக்கும். நிறத்தை நம்பிப் பறிக்காதீர்கள்.

பருப்புக்கீரையில் இலை, தண்டு எல்லாமே கொழுகொழுவென்று இருக்கும். நகத்தால் கிள்ளினால் வெறும் தண்ணீர்தான் கசியும். வெயில் ஏறும்போது குட்டி மஞ்சள் பூ விரியும். பாசிப்பருப்போடு கடைந்தால் லேசான புளிப்பு, அருமை! சந்தேகமென்றால் சந்தையில் அதன் கன்னடப் பெயரான ‘கோணி சொப்பு’ என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிற்றம்மான் பச்சரிசிக்கு இலை மெல்லிசு, தண்டு கம்பி மாதிரி. கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் வரும். கண்ணில் பட்டால் எரியும். மருந்துச் செடிதான், அதற்காகக் கடைசலில் போட வேண்டியதில்லை.

இரண்டும் பின்னி வளர்வதால் ஒவ்வொரு தண்டையும் கிள்ளிப் பாருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையையும் குறைப்பது நல்லது, கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதில் அதிகம்.