பாரிமுனையில் லேஸ் நூல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குரோஷா, டாட்டிங், பாபின் லேஸ், எது போடுகிறவராக இருந்தாலும் சரி, பாரிமுனைப் பக்கம் மொத்த விலைக்கு நூல் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். 'மெர்சரைஸ்டு, 100% காட்டன், 40ஆம் நம்பர்' (காரத்தில் பதப்படுத்திப் பளபளப்பாக்கிய சுத்தப் பருத்தி நூல், 40 என்பது அதன் பருமன்) என்று தங்க எழுத்தில் அச்சடித்த பெட்டியைக் கொடுத்து ஒரு கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார்.

அண்ணன் குழந்தையின் ஞானஸ்நான உடைக்கு ஓரம் போடத்தான் வாங்கினேன். அம்மா நாகர்கோவில்காரர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் வேலை ஊர்ப் பெண்கள் கைமாறி அம்மாவிடமும், அம்மாவிடமிருந்து என்னிடமும் வந்தது. அதனால் நூல் விஷயத்தில் யார் விளையாடினாலும் எனக்குப் பொறுக்காது.

பாபின் (நூல் சுற்றும் சிறு குச்சி) லேஸுக்கு ஒரே இழையை வெட்டாமல் பாதியை ஒரு பாபினிலும் மீதியை அதன் ஜோடியிலும் சுற்ற வேண்டும், நடுவில் முடிச்சே இருக்கக் கூடாது. இழுத்துச் சுற்றினால் நூல் நீண்டுவிடும் என்பதால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு (சென்னை வேர்வைக்கு வெள்ளை நூல் உடனே அழுக்காகும்) மெதுவாகத்தான் சுற்றினேன். மேல் சுற்றெல்லாம் வழுவழுவென்று வந்தது. உருண்டை பாதியானதும் விரலில் நெருடியது, பார்த்தால் முடிச்சு. அதற்கப்புறம் வந்த இழை கொஞ்சம் தடிமன், வெள்ளையிலும் லேசாக நீலம். அடுத்த உருண்டையிலும் அதே கதை. வெளியே நல்ல நூலைச் சுற்றி, உள்ளே கழித்துப் போட்டதை ஒட்டி அடைத்திருக்கிறார்கள்!

உள் நூலில் ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். இது சுருண்டு உருகி, முனையில் கறுப்பாக மணி போல இறுகிவிட்டது. சுத்த பாலியஸ்டர். பளபளப்பை மட்டும் பார்த்து மெர்சரைஸ்டு என்று நம்பாதீர்கள், பாலியஸ்டரும் நன்றாகவே மின்னும்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "எல்லாருக்கும் இதே சரக்குதான் போகுது மேடம், பிரிச்சதை எடுக்க மாட்டோம்" என்றார். வாங்கும்போதே பில் கேட்டேன், ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டைத்தான் கிழித்துக் கொடுத்தார். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளுக்கு இரண்டும் கட்டாயம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம், பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், சீட்டும் பெட்டியும் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் வாங்கும்போது கடையிலேயே ஓர் உருண்டையைப் பிரித்து, உள்முனையை வெளியே இழுத்து மேல் நூலோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், நிறமும் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷேட் நம்பர் (நிறத்தின் எண்), லாட் நம்பர் (தயாரித்த தொகுதியின் எண்) எல்லா உருண்டையிலும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பிரிக்க விடவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்கவே வேண்டாம். தங்க எழுத்துப் பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், பாபினில் ஏற்றும் முன் உள் நூலை ஒரு தடவை கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.