சேதுக்கரை வண்டியில் ஒரு 500 ரூபாய் நோட்டு

இந்த முறை ஊருக்கு வந்ததும் வீட்டில் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தேன். ஒரு நாளை என்னிடம் விட்டுவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ் எதுவும் அன்றைக்குக் கிடையாது. காலையிலிருந்து இருட்டும்வரை டவுன் பஸ்ஸில் சுற்றப் போகிறேன். "லண்டன்லேர்ந்து இம்புட்டுச் செலவழிச்சு வந்து பஸ்ல சுத்தப் போறியா?" என்றாள் அக்கா. கேட்டாளே தவிர அவளுக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில் நைட் ஹால்ட் போடும் வண்டி வந்து நின்றதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு ஓடுகிறவன் நான். டிரைவர் ஒருநாள் ஹாரனை அழுத்த விட்டதற்காக ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தவன்.

திட்டம் எளிதானது. ராமநாதபுரத்தில் ஏறி, திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை. அதே வண்டியில் திரும்பி, திருப்புல்லாணியில் இறங்கி ஜெகந்நாதப் பெருமாளைப் பார்த்துவிட்டுக் கீழக்கரை. அங்கிருந்து ஏர்வாடி, அப்புறம் வாலிநோக்கம் உப்பளம். பொழுது சாயக் கடற்கரைச் சாலை வழியாக வீடு. இதில் கீழக்கரையும் ஏர்வாடியும் நல்லபடியாக நடந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொதல் இனிப்பு வாங்கினேன், அவ்வளவுதான். சொல்ல இருப்பதெல்லாம் சேதுக்கரை வண்டியைப் பற்றித்தான்.

முதலில் அந்த வண்டி எப்போது வரும் என்று தெரிய வேண்டுமே. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"வரும்."

"எத்தனை மணிக்கும்மா?"

"மணியெல்லாம் யாரு பாத்தா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வண்டி போயிருச்சுல்ல, அதுக்கடுத்தது."

அந்தக் காலத்திலும் இப்படித்தான். வண்டிக்கு நம்பர் இருக்கும், யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஏழேகால் வண்டி, மீன் வண்டி, கடைசி வண்டி என்றுதான் பேர். லண்டனில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மின்பலகை வைத்து, வண்டி வர இன்னும் மூன்று நிமிடம், இரண்டு நிமிடம் என்று எண்ணிக் காட்டுவார்கள். ஒரு நிமிடம் என்று காட்டிவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும் பலகையைப் பார்த்துப் பல்லைக் கடித்தவன் என்பதால் சொல்கிறேன்: பூக்கார அம்மாவின் கணக்கு தப்பவில்லை. பள்ளிக்கூட வண்டிக்கு அடுத்ததாகத்தான் வந்தது.

முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த வண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும், செய்தியில் படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, உள்ளே போய் உட்காருவது வேறு.

உட்கார்ந்ததும் என் கண் போனது இன்ஜின் பக்கம். டிரைவருக்கு இடப்புறம் அந்தப் பெரிய பெட்டி, மேலே ரெக்சின் மூடி, நடுங்கிக்கொண்டே நிற்கும் நீளக் கியர் தண்டு. இரண்டாவது கியர் போடும்போது எழும் அந்த முனகல் அப்படியே இருக்கிறது! லண்டனில் இப்போது மின்சார பஸ்கள் பூனை மாதிரி வருகின்றன, ஏறினால் பஸ்ஸில் போகிற உணர்வே இல்லை. இங்கே முகப்பில் லேலண்ட் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது என்றால் சிரிப்பீர்கள். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு ஊர். அங்கிருந்த கம்பெனியோடு கைகோத்துத்தான் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஊர்க்காரர்களின் பஸ் தொழிலை 1988-இல் வோல்வோ வாங்கியது, அப்புறம் அந்தப் பெயரே பஸ்ஸின் முகத்திலிருந்து மறைந்துபோனது. அதே வருடம்தான் இங்கே பாம்பன் சாலைப் பாலம் திறந்து, மண்டபம் ஊரோடு நின்றுகொண்டிருந்த வெளியூர் பஸ்கள் லேலண்ட் பெயரோடு ராமேஸ்வரம் தீவுக்குள் நுழைந்தன. பெற்ற ஊரின் பஸ்களில் இல்லாத பெயர் சேதுக்கரைக்குத் தினமும் போய் வருகிறது. இதையெல்லாம் பக்கத்து சீட்டில் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் இருந்தது ஒரு காலி மீன்கூடை.

கூடைக்குச் சொந்தக்கார அம்மா விடிகாலையில் மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஆண்கள் நான், டிரைவர், கண்டக்டர், அப்புறம் பாஸ் வைத்திருந்த இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள்.

கண்டக்டர் மெஷினைத் தட்டித் தட்டி கட்டணமில்லாச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"சேதுக்கரை ஒண்ணு" என்று 500 ரூபாயை நீட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"பன்னெண்டு ரூவா சார்."

"சில்லறை இல்லண்ணே. ஏடிஎம்ல இதுதான் வந்துச்சு."

அவர் ஒன்றும் பேசாமல் தோல் பையைத் திறந்து என் மூக்குக்கு நேரே காட்டினார். உள்ளே நாலைந்து பத்து ரூபாய் நோட்டு, கொஞ்சம் காசு. "காலையிலேர்ந்து விழுந்ததே இதுதான். வண்டி நிறைய ஆளு, காசு குடுக்குற ஆளு எங்க? நான் சில்லறைக்கு எங்க போவேன், சொல்லுங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் காலத்துக் கண்டக்டரின் பை நடமாடும் வங்கி. கடைக்காரர்களே சில்லறைக்கு அவரிடம் வருவார்கள். இப்போது இந்த வண்டியில் காசு புழங்குவதே இல்லை. வண்டி முழுக்கக் கூட்டம், பை காலி. முப்பது பேர் வண்டியில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஒரே ஆள் நான், அதுவும் 500 ரூபாயோடு.

ஜிபே பண்ணவா என்று கேட்டிருக்கலாம். அந்த மெஷினில் அது இல்லை. இருந்தாலும் என் லண்டன் நம்பரில் நான் அதைப் போட்டு வைக்கவில்லை. லண்டனில் 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் ரொக்கமே வாங்குவதில்லை. கார்டைக் காட்டினால் டிங் என்கிறது, முடிந்தது. பத்து வருடத்துக்கு மேலாகச் சில்லறையைப் பற்றி யோசிக்காமல் வாழ்ந்தவனை இந்த மாதிரி இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வான்?

இதற்குள் பஞ்சாயத்து கூடிவிட்டது. "தம்பிக்கும் ஒரு ஓசி டிக்கெட்டைப் போட்டு விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போவுது" என்றது பின் சீட்டு. "செக்கர் வந்தா தம்பிக்குச் சேலைய உடுத்தி விடுவியா?" என்றது முன் சீட்டு. வண்டியே குலுங்கியது. நானும் சிரித்தேன், வேறு வழி?

நான் மீன்கார அம்மாவின் இடுப்பைப் பார்த்தேன். சுருக்குப்பை புடைத்துக்கொண்டிருந்தது. "ஆத்தா, உங்ககிட்ட..." என்று ஆரம்பிக்கும் முன்பே, "ஐநூறு ரூவா நோட்டா? எனக்கு அது நல்லதா கள்ளதான்னு பாக்கத் தெரியாதுப்பு" என்று பையை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்.

கடைசியில் கண்டக்டர் நோட்டை வாங்கிக்கொண்டு, பழைய வழக்கப்படி டிக்கெட்டின் பின்பக்கம் 488 என்று எழுதிக் கொடுத்தார். "திரும்பி இதே வண்டிதான? அங்க பாத்துக்கலாம்." ஆமாம், திருப்புல்லாணியில் இறங்கிக் கோயிலுக்குப் போவேன் என்றேன். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அப்பா இறங்கும்வரை அந்தச் சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவார், அம்மா இரண்டு நிறுத்தத்துக்கு ஒருமுறை அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வருவார். நான் புத்திசாலியாகச் சட்டைப்பையில் வைத்தேன்.

சேதுக்கரையில் வண்டி பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள். ஆடி, தை அமாவாசை என்றால் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் அந்தக் கரையில் கால் வைக்க முடியாது. சாதாரண நாளில் யாருமில்லை. நான் இறங்கி வண்டியை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் நாலு என்று படம் எடுத்தேன். அப்புறம் கடல் தெரிகிற மாதிரி வண்டியை எடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆஞ்சநேயர் கோயில் வந்தது, ஒரு கும்பிடு போட்டேன். தண்ணீர் குளம் மாதிரி அலையில்லாமல் கிடந்தது, காலை நனைத்தேன். திரும்பிப் பார்த்தால் புழுதிதான் இருந்தது.

என் 488 ரூபாய் ராமநாதபுரம் போய்க்கொண்டிருந்தது.

நாலு பவுண்டு சொச்சம். லண்டனில் ஒரு காபிக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற காசு. ஆனால் அன்று அது என் காசாக இல்லை, அப்பாவின் காசாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு கோபம் வந்தது. ஹாரன் அடித்திருக்க வேண்டாமா? ஒரு ஆள் குறைகிறதே என்று பார்க்க வேண்டாமா? "அடிச்சாகளே. ரெண்டு தடவ அடிச்சாக. கண்டக்டரு எறங்கித் தேடுனாரு. நீங்க தண்ணிக்குள்ள நின்னீக" என்றார் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தால் ஹாரன் எப்படிக் கேட்கும்?

அடுத்த வண்டிக்கு இரண்டேகால் மணிநேரம். வேப்ப மரம் ஒன்று, அதன் நிழலில் நானும் அந்தப் பெரியவரின் ஆடுகளும். சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன். வியர்வையில் ஊறி மெஷின் எழுத்து மங்கிப்போய், பின்பக்கத்துப் பேனா மையும் ஊதா மேகமாகக் கலைந்திருந்தது. 4 தெரிந்தது. அடுத்த இரண்டும் எட்டா மூன்றா என்று நானே சத்தியம் பண்ண முடியாது. அந்தக் காலத்து டிக்கெட் கையில் தேய்ந்தாலும் எழுத்து நிற்கும். நிறம் நிறமாய்க் கட்டுக்கட்டாய் அடித்த அந்தச் சின்னச் சீட்டுகளை நான் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தேன். 1997-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்தபோது, மருது பாண்டியர் பெயர் போட்ட டிக்கெட் பதினெட்டு என்னிடம் இருந்தது. அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். அந்த வருத்தம் தனி.

அடுத்த வண்டியின் கண்டக்டர் என் கையிலிருந்த ஊதா மேகத்தைப் பார்த்துவிட்டு, "அது வேற செட்டு சார், அவரு டியூட்டி முடிஞ்சிருக்கும்" என்றார். அவரிடம் டிக்கெட் எடுக்க என்னிடம் இருந்தது இன்னொரு 500. அவர் முகத்தில் முந்தையவரின் அதே பார்வை. "திருப்புல்லாணிக்கா? அஞ்சு ரூவாயா? உக்காருங்க, அங்க எறங்கி மாத்திக் குடுங்க." அந்த அஞ்சு ரூபாயை மெஷினில் அடித்து, தன் பையிலிருந்து போட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

திருப்புல்லாணியில் அவசரமாக டீக்கடைக்கு ஓடினேன். நோட்டை நீட்டியதும் கடைக்காரர் அதை வாங்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"பஸ்ஸப் போட்டா எடுக்குற லண்டன்காரரு நீங்கதானா?"

டப்பாவைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். பத்து, இருபது நோட்டுகள், ஒரு பொட்டலம் காசு. மேலே சிகரெட் அட்டையில் கணக்கு. "கோயிலுக்கு இங்கதான் எறங்குவாருன்னு மொத வண்டிக் கண்டக்டரு குடுத்துட்டுப் போனாரு. எண்ணிக்கங்க."

எண்ணினேன். 483.

"அஞ்சு ரூவா குறையுதேண்ணே?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் கட்டுக்குள் செருகியிருந்த சீட்டைக் காட்டினார். சேதுக்கரையிலிருந்து திருப்புல்லாணி, ஒன்று, 5 ரூபாய். நான் ஏறிவிடுவேன் என்று நினைத்து, வண்டி எடுக்கும் முன்பே எனக்கும் டிக்கெட் போட்டுவிட்டாராம். மெஷினில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, கணக்கில் ஏறிவிட்டது. அதனால் கழித்துக்கொண்டார். நான் காலை நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மீன்கார அம்மாவைப் பேசிச் சம்மதிக்க வைத்து, சுருக்குப்பையை அவிழ்க்க வைத்து, 500 ரூபாய்க்குச் சில்லறை எண்ணி வாங்கியிருக்கிறார். அந்த அம்மா தயங்கியதற்கு, நோட்டு கள்ளநோட்டாக இருந்தால் தானே பொறுப்பு என்று சொன்னாராம்.

பின்னால் நின்ற வண்டியின் கண்டக்டருக்கு 5 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கோயில் நடை சாத்தியிருந்தது. பிரசாதப் பாயசம் போச்சு. வாலிநோக்கமும் போச்சு.

ராத்திரி வீட்டுக்கு வந்து பர்ஸை மேஜையில் வைத்ததும் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா இது, கருவாடு எங்க வாங்குன?" விஷயத்தைச் சொன்னேன். அந்த 483 ரூபாயையும் மொட்டைமாடியில் பரப்பி, நோட்டுக்கு ஒரு ஓட்டுச்சில்லு வைத்துக் காயவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டாள்.