மூன்று வருடத் தொப்பி, நழுவும் ஸ்டாப்பர்

போன வாரம் தொப்பிக் கயிற்றில் இருந்த ஸ்டாப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்று போட்டேன். எந்த ஸ்டாப்பர் என்றால், முதுகுப்பையின் வாயைச் சுருக்கும் கயிற்றில் இருக்குமே, அமுக்கினால் வழிவிடும், விட்டால் கவ்விக்கொள்ளும், அந்த உருளைப் பொத்தான். அதைப் போட்டுக்கொண்டு நடந்த முதல் நாளே நண்பன் பார்த்துவிட்டு, "இந்தத் தொப்பி எப்படிடா, காத்துல நிக்குதா? நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டான். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதில். முக்கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதற்குள் அவனுக்கு பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தொப்பி எந்த மாதிரி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சுற்றிலும் அகல விளிம்பு, பிடரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வலைத்துணி, உள்ளே யுபிஎஃப் 50 என்று ஒரு சீட்டு (புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும் என்று அர்த்தம், அதாவது 2 சதவீதம்). நடப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், தோட்ட வேலை பார்ப்பவர்கள் தலையில் ஏதோ ஒரு நிறத்தில் இருப்பதுதான். மூன்று வருடத்தில் துணி கிழியவில்லை, தையல் பிரியவில்லை, சுருட்டிப் பைக்குள் திணித்து எடுத்தாலும் உதறினால் பழையபடி ஆகிவிடுகிறது. மூக்குத் தோல் உரிவது நின்றே போனது. நிறம் வெளுத்துவிட்டது, அது வெயிலின் வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல எனக்கு வேறு இருக்கிறது.

நான் நடக்கும் வழியில் ஒரு நீளமான பாலம் உண்டு. கீழே இருக்கும்வரை மரமும் கட்டிடமும் காற்றை வாங்கிக்கொள்ளும், பாலத்தில் ஏறிவிட்டால் காற்றுக்கும் என் தலைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. ஏறும் முன்பே கயிற்றைத் தாடைக்குக் கீழே இறுக்கி ஸ்டாப்பரை மேலே தள்ளிவிடுவேன். ஐம்பது அடி நடப்பதற்குள் அது இறங்கியிருக்கும். சட்டென்று இறங்கினாலாவது தெரியும், இது கடிகார முள் மாதிரி, நகர்வது கண்ணுக்கே தெரியாது. முன் விளிம்பு எழும்பி நெற்றியில் வெயில் அடிக்கும்போதுதான் விஷயம் புரியும், அந்த நொடியில் கை மேலே போக வேண்டும், போகாவிட்டால் தொப்பி முதுகில். இதனால் பாலம் முழுக்க ஒரு கை தலையிலேயே இருக்கும். எதிரே வந்த பெரியவர் ஒருவர் நான் சல்யூட் வைப்பதாக நினைத்துப் பதிலுக்கு இவரும் வைத்தார், அதற்கப்புறம் தினமும் வைக்கிறார், நானும் நிஜமாகவே வைக்க வேண்டியதாகிவிட்டது. போதாக்குறைக்கு, கயிற்றின் தொங்கும் முனையும் ஸ்டாப்பரும் சேர்ந்து காற்றில் ஆடித் தாடையில் டக் டக் என்று தட்டிக்கொண்டே வரும். இரண்டரை வருடம் இதைச் சகித்திருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. என் தலை 57 செ.மீ. நான் வாங்கியது 59 முதல் 61 வரைக்கான அளவு. சின்ன வயதில் எல்லோரும் மண்டை பெரிசு என்று கேலி செய்தார்களே, அதை நம்பி அளக்காமலே வாங்கிவிட்டேன். புருவத்துக்கும் காதுக்கும் மேலே ஒரு விரல் தள்ளி, பின்மண்டை மேட்டைச் சுற்றி இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்தால் வருவதுதான் தொப்பி அளவு, ஒரு நிமிட வேலை, அதை எட்டு மாதம் கழித்துச் செய்தேன். சுற்றளவில் 2 செ.மீ. கூடினால் தலையைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி. கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். காற்று புக அது தாராளம். உள்பக்கம் நெற்றியில் படும் வியர்வைப் பட்டைக்குப் பின்னால் செருக ஒட்டும் நுரைப் பட்டை தனியாகவே கிடைக்கிறது, நான் பழைய யோகா விரிப்பின் ஓரத்தை வெட்டி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்தேன். பாதிப் பிரச்சினை அன்றே போய்விட்டது. ஆகவே பாதிப் பழி என்னுடையது. மீதிப் பாதியை விட மாட்டேன்.

காற்றிடம் தொப்பி ஏன் தோற்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. மணிக்கு 18 கி.மீ. காற்றில் சாதுவாக இருந்த தொப்பி 36-ல் பேயாட்டம் போடுவது இதனால்தான். 36 கி.மீ. காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடை சாய்ந்து நிற்பது மாதிரி. என் தொப்பியில் முன்பாதி விளிம்பு மட்டும் சுமார் 0.04 சதுர மீட்டர் வந்தது. அது நிமிர்ந்து முழுக் காற்றையும் வாங்கினால் கால் கிலோ. தொப்பியின் மொத்த எடை 100 கிராம்கூட இல்லை. விளிம்பு படுத்திருக்கும்வரை காற்று மேலேயும் கீழேயும் வழுக்கிப் போய்விடும், நுனி கொஞ்சம் தூக்கிக்கொடுத்தால் அவ்வளவுதான், பாய்மரம். அதனால் எதிர்காற்றில் தாடையைக் கொஞ்சம் இறக்கி நடந்தால் அதே காற்று விளிம்பை மேலிருந்து அமுக்கித் தொப்பியைத் தலையோடு ஒட்டவைக்கும். காசில்லாத வைத்தியம். ஆனால் பாலம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சைக்கிளில் மோதுவோம், நான் மோதினேன். பின்காற்றுக்கு இது உதவவும் செய்யாது, பிடரிப் பக்கத்து நீள விளிம்பைத் தூக்கி முன்னால் கவிழ்த்துக் கண்ணை மறைத்துவிடும்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன், என் உண்மையான கோபம் இங்கேதான். கயிறு தொப்பியில் இரண்டே இடத்தில் பிடிக்கிறது, காதுக்கு நேர் மேலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு ஆணியில் மாட்டிய ஊஞ்சல் பலகை எப்படி முன்னும் பின்னும் கவிழுமோ அப்படியேதான் தொப்பியும் கவிழும். கயிறு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் முன் விளிம்பு எழும்புவதை அது தடுக்காது. தொப்பி பறந்து ஆற்றில் விழாமல் இருக்கும், தலையில் இருக்காது, தொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதுகில் தொங்கும். அதோடு தாடை அசையும் உறுப்பு. பேசினால், மென்றால், கொட்டாவி விட்டால் கயிறு இழுபடும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்டாப்பர் ஒரு மயிரிழை இறங்கும். சைக்கிள் ஹெல்மெட்டைப் பாருங்கள், காதுக்கு முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை, இரண்டும் காதுக்குக் கீழே சேர்ந்து தாடைக்குப் போகும். ஹெல்மெட்டில் இருப்பது இந்தத் தொப்பியை வடிவமைத்தவர் கண்ணில் படவே இல்லையா? கூட இரண்டு சாண் கயிறும் நாலு தையலும்தானே ஆகியிருக்கும்!

சந்தோஷமான விஷயம் தற்செயலாக நடந்தது. ஒரு நாள் முகம் கழுவும்போது கயிறு நனையாமல் இருக்கட்டும் என்று அதைத் தலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மறந்து அப்படியே பாலத்தில் ஏறிவிட்டேன். பாதிப் பாலம் வந்தபிறகுதான் கவனிக்கிறேன், கை இரண்டும் சும்மா தொங்குகிறது. பின்மண்டை மேட்டுக்குக் கீழே, பிடரிப் பள்ளத்தில் கயிறு உட்கார்ந்திருந்தது. தொப்பி மேலே போக வேண்டுமென்றால் கயிறு அந்த மேட்டைத் தாண்ட வேண்டும், எலும்பு வழிவிடாது. பிடரி பேசாது, மெல்லாது, கொட்டாவி விடாது, அதனால் ஸ்டாப்பருக்கும் நழுவக் காரணம் குறைவு. தொண்டையில் அழுத்தம் இல்லை, டக் டக் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் போடுகிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. இரண்டரை வருடம் கையில் இருந்த தொப்பியின் பாதி உபயோகம் எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. மரக்கிளை வளைகிற அளவுக்குக் காற்று வந்தால் இது மட்டும் போதாது, அப்போது தாடைக்கும் வேண்டும். அதனால் காதுக்கு இரண்டு விரல் முன்னால் இரண்டு சின்ன நாடா வளையம் தைத்து இரண்டாவதாக ஒரு கயிறு கோத்தேன். தையல் கோணல்தான். விளிம்பு எழும்புவது நின்றுவிட்டது, கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததில்லை. கயிறு பிடிக்காத பெண்கள் ஒரு காலத்தில் நீள ஊசியைத் தொப்பி வழியாகக் கொண்டைக்குள் குத்தி நிறுத்தினார்கள், பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணுக்கு ஆபத்தாகி, 1910-ல் சிகாகோ நகரசபை, நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டமே போட்டது. நல்ல வழிதான், ஆனால் குத்துவதற்கு முடி வேண்டும், என் முன்மண்டையில் அந்த வசதி இல்லை. ஆண்களின் கம்பளித் தொப்பிகளில் மெல்லிய கயிறும் நுனியில் பொத்தானும் இருந்தன, காற்றடித்தால் கோட்டுக் காலரின் பொத்தான் துளையில் மாட்டிக்கொள்வார்கள். இன்று படகில் போகிறவர்கள் சட்டைக் காலரில் மாட்டும் கிளிப் கயிறும் அதே ரகம், தொப்பி பறக்கும், தொலையாது. பாலத்தில் எனக்கு அது உதவாது.

பழைய ஸ்டாப்பரை உடைத்துப் பார்த்தேன், பழிவாங்கும் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வியர்வை உப்பில் துருப்பிடித்துப் பாதி நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. கயிறும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது, துளைக்கு அது முதலிலிருந்தே மெல்லியது என்பது என் சந்தேகம். புதிதாகப் போட்டது கொஞ்சம் தடிமனான, சொரசொரப்பான பாலியஸ்டர் கயிறு, நைலான் நனைந்தால் நீளும் என்பதால் அதைத் தொடவில்லை. இரண்டு இழையும் துளைக்குள் கஷ்டப்பட்டு நுழைய வேண்டும், சுலபமாக நுழைந்தால் சுலபமாக நழுவும். எனக்குச் சரியாக இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு முடிச்சு, ஸ்டாப்பர் சோம்பினாலும் முடிச்சு தாங்கும். நடுவே, பலமாக இழுத்தால் தானே பிரியும் கொக்கி ஒன்றும் சேர்த்தேன். கம்பெனி அதைக் கொடுக்கவில்லை. கழுத்தைச் சுற்றும் கயிறு எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும், குழந்தைகள் தொப்பிக்கு அது இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

நண்பா, நீ கேட்டதற்குப் பதில்: வாங்காதே. காற்றில் நிற்கிறது, ஆனால் யோகா விரிப்பு, வளையம், கயிறு, முடிச்சு, கொக்கி, ஸ்டாப்பர் எல்லாம் நான் போட்டது, கம்பெனி கொடுத்தது துணி மட்டும். உனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

எனக்கு அடுத்தது வாங்கும்போது இதையேதான் வாங்குவேன், 57-க்கான அளவில். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக ஸ்டாப்பரை வெட்டிவிடுவேன்.