பிஎஸ்4-க்கு ‘5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்’ விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

பழைய பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்கள், அதிலும் யாரோ பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள், அடுத்த முறை கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். யூஎஸ்பியில் செருகினால் வைஃபை பறக்கும் என்று சொல்லி விரல் நுனி அளவு டாங்கிள் ஒன்றை விற்கிறார்கள். அது பிஎஸ்4-இல் வேலை செய்யாது. மெதுவாகச் செய்யும், சில சமயம் செய்யும் என்ற பேச்சே இல்லை, அறவே செய்யாது. விற்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அக்கா மகன் வைத்திருப்பது 2013-இல் வந்த முதல் வகை பிஎஸ்4. அவர்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்திருக்கும் நிறுவனம் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய ரூட்டரை வைத்துவிட்டுப் போனது. அன்று மாலையிலிருந்து பிஎஸ்4-இல் அவர்கள் வீட்டு வைஃபையின் பெயரே தெரியவில்லை. ஆனால் எதிர் வீடு, மேல் வீடு, கீழே இருக்கும் மருந்துக் கடை என்று மற்ற எல்லாப் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவர் யாராக இருந்தாலும் இதைக் கேட்ட உடனேயே கோளாறு எங்கே என்று சொல்லிவிட முடியும்.

முதல் வகை பிஎஸ்4-க்கு வைஃபையின் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸை அதனால் பார்க்கவே முடியாது. அந்த வசதி 2016-இல் வந்த ஸ்லிம், புரோ மாடல்களில்தான் சேர்ந்தது. புதிய ரூட்டரில் இரண்டும் உண்டு. பொருத்த வந்தவர், வேகம் குறைவு என்று புகார் வரக் கூடாது என்பதற்காக 2.4-ஐ அணைத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான் நோய். மருந்து, ரூட்டரின் பக்கத்துக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்துவது. செலவு பூஜ்யம்.

அத்தானும் பையனும் கன்சோலைத் தூக்கிக்கொண்டு சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, எங்கள் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை என்று பையன் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, "உள்ளே இருக்கும் வைஃபை வீக் ஆகிவிட்டது சார், இதைப் போட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வரும்" என்று ஒரு டாங்கிளை எடுத்து வைத்தார். 1,450 ரூபாய். அட்டைப் பெட்டியின் மேல் பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் என்று ஊரில் உள்ள எல்லா கன்சோல்களின் பெயரும் அச்சாகியிருந்தது. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, அதிகபட்ச சில்லறை விலை இல்லை. பொட்டலத்தில் விற்கும் பொருளில் இவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பெட்டிக்குள் ஒரு சின்ன சிடி. அதில் இருந்தது விண்டோஸுக்கான டிரைவர் மென்பொருள். பிஎஸ்4-க்கு என்று விற்ற பொருளுக்குள்ளேயே இது பிஎஸ்4-க்கு அல்ல என்பதற்கான சாட்சி இருந்தது.

செருகியதும் டாங்கிளில் பச்சை விளக்கு எரிந்தது. எரியத்தான் செய்யும். யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, விளக்கு எரிய அது போதும். ஆனால் அந்த டாங்கிளோடு பேசுவதற்கு உரிய டிரைவர் பிஎஸ்4-இன் இயங்குதளத்துக்குள் இருக்க வேண்டும். அது இல்லை. கணினி என்றால் நாமே நிறுவிக்கொள்ளலாம், பிஎஸ்4-இல் அதற்கு வழியே கிடையாது. விளக்கைக் காட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் முழு மூலதனம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கதைதான். திரும்பப் போனபோது, "டாங்கிளுக்கு செட்டிங் செய்ய வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லி மேலும் 700 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கன்சோலைக் கடையின் டிவியில் மாட்டி இயக்கிக் காட்டினார்கள். இணையம் வந்தது, விளையாட்டு ஒன்று பதிவிறக்கமாகத் தொடங்கியது, டாங்கிளின் விளக்கும் மினுமினுத்தது. அத்தானுக்குப் பரம திருப்தி.

உண்மையில் அங்கே இணைந்தது பிஎஸ்4-க்குள் முதலிலிருந்தே இருந்த வைஃபைதான். கடையின் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இருந்தது, கன்சோல் அதைப் பிடித்துக்கொண்டது. டாங்கிள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எந்த வீட்டு பிஎஸ்4-ஐக் கொண்டுபோனாலும் அந்தக் கடையில் அது வேலை செய்யும். வாங்கியவர் வீட்டுக்குப் போனால் வேலை செய்யாது. அப்போது, "உங்கள் வீட்டு லைனில்தான் கோளாறு" என்று சொல்லிவிடலாம். இப்படி ஒரு வசதியான செய்முறை விளக்கத்தை நான் வேறு எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாம் கட்டம்தான் கொடுமை. வீட்டில் மறுபடி இணையவில்லை என்று தொலைபேசியில் கேட்டபோது, வைஃபை போர்டே போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்று பதில் வந்தது. இதற்குப் பிறகுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. டாங்கிளைப் பிடுங்கி மேசை மேல் வைத்தேன். என் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயக்கினேன். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள்ளேயே இந்தத் தேர்வு இருக்கும். ஐபோனில் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பொத்தானை இயக்க வேண்டும். பிஎஸ்4 உடனே இணைந்தது. "மாமா, டாங்கிளே இல்லாமல் வருகிறதே!" என்று பையன் கத்தினான். போர்டு போகவில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. இன்னொரு சோதனையும் உண்டு. பிஎஸ்4-இல் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில்தான் இருக்கின்றன. கன்ட்ரோலர் கம்பியில்லாமல் நன்றாக வேலை செய்கிறது என்றால், வைஃபை சிப் செத்துவிட்டது என்று சொல்பவரைச் சந்தேகப்படலாம்.

பிறகு ரூட்டரின் பக்கத்தைத் திறந்தோம். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று உலாவியில் அடித்தால் வரும்; முகவரியும் கடவுச்சொல்லும் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸை இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வைத்தோம். பாதுகாப்பு முறையையும் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பிஎஸ்4 இணையாது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்ற வேண்டும். 2.4-க்குள் இருக்கும் தடங்களான சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 என்பது தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாதிரி.

அந்தக் கூட்டத்தில் வேகம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அதற்கும் டாங்கிள் பதில் இல்லை. பிஎஸ்4-இன் பின்புறத்தில் இணையக் கேபிள் செருகும் லேன் துளை இருக்கிறது, நல்ல வேகமானது. ரூட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் கேட்5ஈ கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நான் 10 மீட்டர் கேபிளை 280 ரூபாய்க்கு வாங்கினேன், அதே ரிச்சி தெருவில், நாலு கடை தள்ளி. நேர்மையாக வியாபாரம் செய்பவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கம்பி இழுக்க முடியாத வீடு என்றால் லேன் துளை உள்ள வைஃபை ரிப்பீட்டரைக் கேளுங்கள். அதை கன்சோலுக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டி, அதிலிருந்து ஒரு முழக் கேபிளை பிஎஸ்4-க்குக் கொடுத்தால் போதும். காற்றில் வருவதை ரிப்பீட்டர் வாங்கிக்கொள்கிறது, கன்சோலுக்குக் கம்பியில் தருகிறது. கன்சோலின் பார்வையில் அது வெறும் லேன் இணைப்பு, எந்த டிரைவரும் வேண்டாம். ரிப்பீட்டர் இரண்டு அலைவரிசைகளும் உள்ளதாக இருந்தால் பழைய பிஎஸ்4-க்கும் 5 கிகாஹெர்ட்ஸின் பயன் கிடைத்துவிடும். கடைக்காரர் பொய்யாக விற்ற சங்கதியை உண்மையாகத் தரும் பொருள் இதுதான். ஆனால் மலிவான ரிப்பீட்டர்கள் பல 2.4 மட்டும் கொண்டவை. பெட்டியில் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பரணில் பழைய ரூட்டர் கிடக்கிறதா? சில ரூட்டர்களில் ‘கிளையன்ட்’ அல்லது ‘ரிப்பீட்டர்’ முறை இருக்கும். அப்படி இருந்தால் மேலே சொன்ன வேலையை அதுவே செய்துவிடும், காசே இல்லாமல். அது தானும் ஒரு ரூட்டராகவே நடந்துகொண்டால், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு ரூட்டர்கள் நின்று, நண்பர்களோடு குரல் பேசுவதும் சேர்ந்து ஆடுவதும் தகராறு செய்யும். பிஎஸ்4-இன் இணைப்புச் சோதனையில் நேட் வகை 3 (வெளியிலிருந்து வரும் இணைப்புகள் தடைபடும் நிலை) என்று வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

மடிக்கணினி வழியும் உண்டு. விண்டோஸில் வைஃபை இணைப்பின் பண்புகளுக்குள் ‘ஷேரிங்’ என்ற பகுதியில் அனுமதி கொடுத்து, மடிக்கணினியின் லேன் துளையிலிருந்து கன்சோலுக்குக் கேபிள் போட்டால் இணையம் போகும். கன்சோலுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால் சரியாக இணைந்திருக்கிறது என்று பொருள். மடிக்கணினி தூங்கிவிட்டால் விளையாட்டும் தூங்கிவிடும், அதனால் இது அவசரத்துக்கு மட்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் திட்டத்தை வைத்துக்கொண்டு, 50 ஜிபிக்கு மேல் இருக்கும் விளையாட்டைப் பதிவிறக்க யாரும் இறங்க வேண்டாம்.

மற்ற கன்சோல்காரர்களுக்கும் சுருக்கமாக. 2005-இல் வந்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் வைஃபையே கிடையாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தானே ஒரு அடாப்டரை விற்றது, அமெரிக்காவில் 100 டாலர். யூஎஸ்பியில் மாட்டும் அந்த அடாப்டரின் நினைவில்தான் மக்கள் இன்றும் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்கும் அந்த அசல் அடாப்டர்தான் வேண்டும், கண்ட டாங்கிளை ஏற்காது. 2010-இல் வந்த மெலிந்த 360-க்குள் வைஃபை உண்டு, அதுவும் 2.4 மட்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கதை வேறு: முதல் ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் லேன் துளை இல்லை, யூஎஸ்பி லேன் அடாப்டர் சிலவற்றை அது ஏற்கும். எல்லாவற்றையும் அல்ல. அதனால் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டிப் பார்ப்பது என்றால் எப்படி? கடையின் வைஃபையில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கைபேசி ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து, அதில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பிஎஸ்4 என்றால் டாங்கிள்காரர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

நான் கடைக்குப் போய் இதையே கேட்டேன். முதலில், "இதெல்லாம் எங்களுக்கே சொல்லித் தருகிறீர்களா தம்பி?" என்று சிரித்தார்கள். பிறகு, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட வெள்ளைச் சீட்டின் அடியில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். அந்தச் சீட்டு முறையான ரசீதே அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரசீது தராததும் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, ரசீதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். சீட்டில் அச்சிட்டதால் சட்டம் மாறிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அங்கே நின்றபடியே அழைத்தேன். டாங்கிளுக்கு வாங்கிய 1,450 ரூபாய் கல்லாவிலிருந்து வந்தது. ‘செட்டிங்’ செய்த 700 ரூபாயைத் தரவில்லை, உழைப்புக்கான கூலியாம்.

என்ன உழைப்பு என்று கேட்டு, புகாரில் அதையும் பதிந்திருக்கிறேன். யூபிஐயில் பணம் கொடுத்ததால் தேதியும் தொகையும் பதிவாகி இருக்கின்றன, கூடவே அந்த வெள்ளைச் சீட்டின் படத்தையும் இணைத்தேன். இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே டாங்கிளை இதே மாதிரிச் சீட்டோடு வாங்கியவர்கள் இருந்தால் சீட்டையும் பெட்டியையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள், நாளைக்கே 1915-இல் பதியுங்கள்.