எட்டு எலக்ட்ரானா, லேட்டிஸ் எனர்ஜியா? அயனிப் பிணைப்புக்கு எந்த விளக்கம் சரி

சோடியமும் குளோரினும் ஏன் உப்பாகுதுன்னு கேட்டா ரெண்டு விதமா சொல்றாங்க. ஒண்ணு ஆக்டெட் ரூல், அதாவது வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான் இருந்தா அணு நிலையா இருக்கும்ங்கறது, 1916ல கோசல்ங்கற விஞ்ஞானி சொன்ன வழி, சோடியம் வெளிக்கூட்டுல இருக்கற ஒத்தை எலக்ட்ரானைக் குடுக்கும், ஏழு வச்சிருக்கற குளோரின் வாங்கிக்கும், ரெண்டுக்கும் எட்டு ஆச்சு. இன்னொண்ணு எனர்ஜி கணக்கு, 1919ல வந்த போர்ன்-ஹேபர் சைக்கிள், அதாவது உப்பு உண்டாகற ஒவ்வொரு படியிலயும் எவ்வளவு எனர்ஜி செலவு, எவ்வளவு வரவுன்னு கூட்டிப் பாக்கறது.

ஃபார்முலா எழுதறதுக்கு ஆக்டெட் தாங்க பெஸ்ட். ஒரு மக்னீசியத்துக்கு ரெண்டு குளோரின்னு ஒன்பதாவது படிக்கற புள்ள கூட டக்குனு சொல்லிடும்.

ஆனா ஏன்னு கேட்டா அது பத்தாது. சோடியம் எலக்ட்ரானைக் குடுக்க ஆசைப்படுதுன்னு சொல்லிக் குடுக்கறதே தப்பு, ஒரு மோல் சோடியம் அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு, குளோரின் அதை வாங்கும்போது திரும்பி வர்றது 349 தான், இதுலயே 147 நஷ்டம், அதோட சோடியம் உலோகத்தை தனித்தனி அணுவாக்க 107, அரை மோல் குளோரின் மூலக்கூறை உடைக்க 121ன்னு சேத்தா மொத்த நஷ்டம் 375. எலக்ட்ரானைக் குடுத்த பிளஸ் அயனியும் வாங்கின மைனஸ் அயனியும் படிகமா அடுக்கிக்கும்போது வெளிவருதே 787, அந்த லேட்டிஸ் எனர்ஜி தான் எல்லாத்தையும் ஈடுகட்டி, கிட்டத்தட்ட 410 மிச்சமும் தருது.

மக்னீசியம் ஆக்சைடு இன்னும் நல்ல உதாரணம். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 வெளிய வரும், ரெண்டாவதை எனர்ஜி போட்டுத் தான் திணிக்கணும், ஏன்னா ஏற்கனவே மைனஸா இருக்கறது இன்னொரு மைனஸைத் தள்ளும். எட்டு நிறைஞ்சும் அந்த அயனி தனியா வாயுவுல நிக்காது, படிகத்துக்குள்ள தான் நிக்கும். அங்க லேட்டிஸ் எனர்ஜி 3800 கிட்ட, அதனால தான் உப்பு 801 டிகிரி செல்சியஸ்ல உருகுது, இது உருக 2800க்கு மேல வேணும். ஆக்டெட்ல இதுக்கு பதிலே கிடையாது.

துத்தநாக அயனிக்கு வெளிக்கூட்டுல 18, இரும்பு மூணு பிளஸ்ல 13, அங்கயும் எட்டு இல்ல.

எனர்ஜி கணக்குல ஒரு கஷ்டம், அட்டவணை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, சின்ன கிளாஸுக்கு ரொம்ப கனம். அதனால என் ஓட்டு, எட்டை எண்ணறதுக்கு மட்டும் வச்சுக்கங்க, காரணம் கேட்டா அது படிகத்துல இருக்குன்னு அதே கிளாஸ்லயே சொல்லிடுங்க, நம்பரெல்லாம் ப்ளஸ் ஒன்ல பாத்துக்கலாம்.